பையனுக்கு எதற்குக் கம்மல்?

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் காதில் சிறிய கல் ஒன்றைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை வழிபாட்டு வரிசையிலேயே அவனைப் பிடித்துவிடுவார்கள். ‘நீ என்ன பெண்பிள்ளையா?’ என்று ஒரு கேள்வி வரும். அப்பாவை அழைத்து வரச்சொல்லி உத்தரவு வரும். கல் ஆசிரியரின் மேசை இழுப்பறைக்குள் போகும். அவன் வீட்டுக்குப் போனால் தாத்தாவும் அதையே சொல்வார்: நம் வழக்கத்திலேயே இல்லாத கூத்து இது.

தாத்தா சொல்வதில்தான் சிக்கல் இருக்கிறது. அவருடைய தாத்தாவின் படம் வீட்டில் இருந்தால் இறக்கிப் பார்க்கலாம். பல குடும்பங்களில் அந்தப் படத்தில் இருப்பவர் குடுமியும் கடுக்கனுமாக உட்கார்ந்திருப்பார். ஆண் காதில் நகை இருப்பது தமிழ்நாட்டில் புதிய பழக்கம் அல்ல. இருக்கக் கூடாது என்ற எண்ணம்தான் புதியது, அதற்கு வயது நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் போகாது.

பழைய தமிழ் இலக்கியத்தில் காதணி ஆண் பெண் இருவருக்கும் உரியது. வேறுபாடு அணிவதா, அணியாமல் இருப்பதா என்பதில் இல்லை. எந்தக் காதணி என்பதில் இருந்தது. இதற்குச் சிவனின் காதைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் சீர்காழியில் பாடிய முதல் பதிகம் ‘தோடுடைய செவியன்’ என்றுதான் தொடங்குகிறது. தோடு பெண்ணின் அணி. உமை இடப்பாகத்தில் இருப்பதால் அந்தப் பக்கக் காதில் தோடு; வலக்காதில் ஆணுக்குரிய குழை. மாணிக்கவாசகர் இன்னும் விளக்கமாகவே பிரித்து வைக்கிறார்: ‘தோலும் துகிலும் குழையும் சுருள்தோடும்’. தோலும் குழையும் அவனுடையவை, துகிலும் தோடும் அவளுடையவை. சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியின் முன் நின்று இரண்டு காதுகளையும் மாறி மாறிப் பார்த்தால் இந்த வரியை உலோகத்தில் படிக்கலாம். ஒரு காதில் மகரக் குண்டலம் தொங்கும். மற்றதில் இருப்பது வேறு. அன்றைய பக்தனுக்கு அது ஒரே பார்வையில் புரிந்திருக்கும். நாம் இன்று அருங்காட்சியக அட்டையைப் படித்துத் தெரிந்துகொள்கிறோம்.

திருமால் பக்கமும் இதே கதைதான். தென்திருப்பேரைப் பெருமாளின் பெயரே மகரநெடுங்குழைக்காதர். காதணியை வைத்தே கடவுளை அழைத்த ஊரில், ஆண் காதில் நகை இருப்பது ஆண்மைக்கு இழுக்கு என்று யாருக்கும் தோன்றியிருக்க முடியாது. கர்ணனைக் கவச குண்டலத்தோடு பிறந்த வீரன் என்றுதான் கதை சொல்கிறோம். குண்டலம் போட்டவன் என்பதால் அவனை யாரும் குறைத்து நினைத்ததில்லை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சான்று பெரியாழ்வாரிடம் இருக்கிறது. கண்ணனுக்குக் காது குத்த யசோதை படும் பாட்டை ஒரு முழுப் பதிகமாகப் பாடியிருக்கிறார். பிள்ளை பிடிகொடுக்கவில்லை. தாய் கெஞ்சுகிறாள், ஆசை காட்டுகிறாள். திரியிட விட்டால் இன்னும் பெரிய அப்பமாகத் தருகிறேன் என்கிறாள். எரியாமல் காதுக்குத் திரியிடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இதோ பார் பொன் கடிப்பு என்று நகையை எடுத்துக் காட்டுகிறாள். எதற்கும் மசியாதபோது எல்லாத் தாய்மார்களும் கையில் எடுக்கும் ஆயுதத்தை எடுக்கிறாள்: ‘சேரியில் பிள்ளைகள் எல்லாரும் காது பெருக்கித் திரியவும் காண்டி’. ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் காதைப் பெருக்கிக்கொண்டு திரிகிறார்கள், உன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்கிறாள். காது வீங்கி எரிந்தால் தலை நோகுமே என்று பயந்து அப்போதே குத்தாமல் விட்டது என் குற்றம்தான் என்று தன்னையே நொந்தும் கொள்கிறாள்.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படித்தால், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய தமிழ் ஊர் ஒன்றின் நடைமுறைக் குறிப்பு இது. ஆண் பிள்ளைகளுக்குக் காது குத்தினார்கள். குத்தியதோடு நிறுத்தவில்லை; திரி போட்டுத் துளையைப் பெருக்கினார்கள். குத்தாத காதோடு ஒரு பையன் திரிந்தால் அவன் தாய்க்குத்தான் வெட்கம். இன்றைய பள்ளி வாசலில் நடப்பதற்கு நேர் எதிரானது.

திரி விஷயத்தில் மருத்துவ நூலும் ஆழ்வாரோடு ஒத்துப்போகிறது. சுசுருத சம்ஹிதை காது குத்துவதற்கு இரண்டு காரணங்கள் சொல்கிறது: பிள்ளைக்குக் காப்பு, அழகு. ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், பிள்ளையை மடியில் வைத்து, விளையாட்டுப் பொருளைக் காட்டி ஏமாற்றி, காது மடலில் வெயில் ஊடுருவித் தெரியும் மெல்லிய இடம் பார்த்துக் குத்த வேண்டும். ஆணுக்கு வலக்காது முதலில், பெண்ணுக்கு இடக்காது. பிறகு பஞ்சுத் திரி. சில நாளுக்கு ஒருமுறை அதைவிடத் தடித்த திரி. இப்படிப் பெருக்கிய மடல் அறுந்துபோவதும் அடிக்கடி நடந்திருக்க வேண்டும், ஏனென்றால் அறுந்த மடலைச் சேர்க்க 15 வழிகளை அதே நூல் வரிசைப்படுத்துகிறது. ஒட்டுச் சிகிச்சையின் வரலாற்றில் சுசுருதர் பெயர் வருவதற்கு மூக்கோடு சேர்த்து இந்தக் காதுகளும் காரணம்.

ஆண்கள் இந்தப் பழக்கத்திலிருந்து மெல்ல விலக, பெண்களின் காது தென்மாவட்டங்களில் அதன் உச்சத்துக்குப் போனது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் பாம்படம். மதுரை, தேனி, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் தண்டட்டி. இரண்டும் நீட்டி வளர்த்த காது மடலில் தொங்கும் நகைகள். மடல் தோளைத் தொடும் அளவுக்குக் காது வளர்த்த பாட்டிகளை நாற்பது வயதைத் தாண்டிய தென்மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். குழந்தைப் பருவத்திலேயே துளையிட்டு, பஞ்சு, ஓலைச் சுருள், பிறகு ஈயக் குணுக்கு என்று எடையை ஏற்றிக்கொண்டே போவார்கள். காது எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு பெருமை. வளர்க்காத காதோடு பெண் கேட்டு வருபவர்கள் முன் நிற்பதுதான் அன்று குறை.

பாம்படத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். பூவும் மயிலுமாக இருக்கும் நம் வழக்கமான நகை வேலைப்பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கனசதுரம், உருண்டை, கூம்பு, முறுக்கிய தகடு என்று வெறும் வடிவங்களாலேயே ஆனது. நவீனச் சிற்பி ஒருவர் செய்தது என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். மெல்லிய பொன் தகட்டால் செய்து உள்ளே அரக்கை நிரப்புவதால் பார்வைக்குத் தெரியும் அளவு எடை இராது. ஆனாலும் காதில் அது தனியாக வருவதில்லை. மடலில் பாம்படமும் முடிச்சும் தண்டட்டியும் என்றால், மேல் காதில் கொப்பு, முருகு, நடுவில் பூடி என்று காதின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நகை இருந்தது. இதுவும் பழைய தொடர்ச்சிதான். ஆண்டாள் திருப்பாவையில் நகைகளை அடுக்கும்போது ‘தோடே செவிப்பூவே’ என்று மடலுக்கு ஒன்றும் மேல் காதுக்கு ஒன்றுமாகத் தனித்தனியே சொல்கிறாள். தமிழ் முஸ்லிம் பெண்களில் முந்தைய தலைமுறையினர் காதின் விளிம்பு நெடுகத் துளையிட்டு வரிசையாக அலுக்கத்து அணிந்தார்கள். இன்று கல்லூரி மாணவிகள் மேல் காதில் மூன்று நான்கு துளையிட்டுக்கொண்டு வந்து, வெளிநாட்டு நாகரிகம் என்று திட்டு வாங்குவதைப் பார்க்கும்போது, திட்டும் ஆச்சியின் காதை ஒருமுறை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் சாதியைப் பேசாமல் தாண்டினால் கட்டுரை பொய்யாகிவிடும். யார் காதில் பொன் தொங்கலாம் என்பதை ஆசை மட்டும் முடிவு செய்யவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். அந்தப் பட்டியலில் முதலாவது, பொன், வெள்ளி நகை அணியக் கூடாது என்பது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது என்பது போன்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான். மீறியவர்களின் குடிசைகளும் சொத்துகளும் தாக்கப்பட்டன. அடுத்த ஆண்டே தடைகள் பதினொன்றாகப் பெருகின. பனை ஓலையைச் சுருட்டிக் காதில் செருகிக்கொள்வதை எளிமையின் அழகு என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும். சிலருக்கு ஓலை வறுமை. சிலருக்கு அது கட்டளை. அதே ஓலை ஆடிப் பதினெட்டில் காதோலை கருகமணியாகக் காவிரிக்குப் போகும்போது மங்கலப் பொருள்.

காதைப் பார்த்தே வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. நகையில் முதலில் அடகுக் கடைக்குப் போவது வளையல், பிறகு சங்கிலி, கடைசியில்தான் காது. தோட்டைக் கழற்றிவிட்டால் துளை தூர்ந்துபோகும் என்று வேப்பங்குச்சியையோ விளக்குமாற்று ஈர்க்கையோ ஒடித்துச் செருகிக்கொள்வார்கள். காதில் ஈர்க்குச்சியோடு ஒரு பெண் கடைத்தெருவில் நடந்தால், அவள் ஒரு சொல்லும் சொல்லாமலே ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும். அதனால்தான் கவரிங் கம்மல் வந்தது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ஆண்கள் எழுதும் நகை வரலாறுகள் கவனிப்பதில்லை.

இவ்வளவு ஊன்றிய பழக்கம் எப்படி ஒன்றிரண்டு தலைமுறைக்குள் வெட்கமாக மாறியது? வெள்ளைக்காரர்களின் பார்வை ஒரு காரணம். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-ல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில், காது வளர்க்கும் வழக்கம் ‘உருக்குலைவும் உறுப்புச் சிதைவும்’ என்ற தலைப்பின்கீழ்தான் இடம்பெறுகிறது. தோளில் புரளும் காது உள்ளூரில் லட்சணம், பதிவேட்டில் ஊனம். பள்ளிக்கூடமும் பட்டணமும் இந்தப் பார்வையைத் தமிழர்களுக்கே கற்றுக்கொடுத்தன. படித்த மாப்பிள்ளைக்குக் காது வளர்த்த பெண் பட்டிக்காடாகத் தெரிந்தாள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், தொங்கிய மடலை அறுத்துத் தைத்துக்கொண்டு, அதில் சிறு துளை போட்டுக் கம்மலுக்கு மாறினார்கள். சுருங்கித் தடித்து, தையல் தழும்போடு இருக்கும் அந்தக் காதை ‘தைத்த காது’ என்பார்கள். அம்மாவுக்குப் பாம்படம், மகளுக்குத் தைத்த காது, பேத்திக்குச் சின்ன ஜிமிக்கி என்று ஒரே வீட்டில் மூன்றையும் பார்த்திருக்கலாம். பாம்படங்கள் உருக்கப்பட்டு, அரக்கின் எடை கழிக்கப்பட்டு, சங்கிலிகளாகத் திரும்பி வந்தன. வழிப்பறிக்காரன் காதோடு அறுத்துக்கொண்டு போய்விடுவான் என்ற பயமும் இதை விரைவுபடுத்தியது. அந்தப் பயம் வீண் இல்லை.

ஆண்கள் கழற்றிய கதை இன்னும் சுருக்கமானது. குடுமி போய் கிராப்பு வந்தபோது கடுக்கனும் கூடவே போய்விட்டது. சட்டை, கோட்டு, அலுவலகம் என்று ஓர் ஆணின் தோற்றத்தையே புதிதாக வெட்டித் தைத்த காலம் அது. ஐரோப்பிய ஆண்களும் ஒரு காலத்தில் காதணி போட்டவர்கள்தான். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பிரபுக்கள் ஒற்றை முத்துக் காதணியோடு படம் வரைந்துகொண்டார்கள். ஆனால் இங்கே ஆள வந்த காலத்துக்குள் அவர்கள் அதை விட்டிருந்தார்கள். விட்ட பிறகான அவர்கள் தோற்றமே நமக்கு ஆண் தோற்றமாகிவிட்டது. வைதிகர்கள், சங்கீத வித்வான்கள், சில செட்டிநாட்டுப் பெரியவர்கள் போன்றோரிடம் மட்டும் வைரக் கடுக்கன் இன்னும் சில காலம் மின்னியது. அவர்களைப் பார்த்து யாரும் பெண்பிள்ளையா என்று கேட்டதில்லை.

விந்தை என்னவென்றால், அணிவது நின்றாலும் குத்துவது நிற்கவில்லை. ஆண் பிள்ளைக்கு இன்றும் பல சாதிகளில் காது குத்துகிறார்கள். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, ஆசாரி பொன் ஊசியால் குத்துவார். பிள்ளை வீறிடும், வாயில் வாழைப்பழமோ சர்க்கரையோ போகும், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சில மாதம் கம்மல் இருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது கழற்றிவிடுவார்கள். துளை தூர்ந்து ஒரு புள்ளியாக நிற்கும். தமிழ்நாட்டில் பல ஆண்களின் காதில் அந்தப் புள்ளி உண்டு. தடவிப் பார்த்தால் கைக்குத் தட்டுப்படும்.

அணிவதற்கு இல்லையென்றால் எதற்குக் குத்துகிறார்கள்? மாமனுக்காக. அக்காள் பிள்ளையின் காதில் முதல் பொன் போடுவது தாய்மாமனின் உரிமை, அதைவிடக் கடமை. அவன் தட்டுவரிசை எடுத்து, மேளம் கொட்டி வர வேண்டும். வராவிட்டால் உறவு முறிந்தது என்று பொருள். கம்மல் எடை குறைந்தால் அக்காள் வாயைத் திறக்காவிட்டாலும் அக்காள் மாமியார் திறப்பாள். அழைப்பிதழில் ‘காதணி விழா’ என்று அச்சிட்டு ஊரைக் கூட்டி மொய் வாங்குவதும் இதில் அடக்கம். செய்த மொய்யைத் திரும்ப வாங்க வேறு விசேஷம் இல்லாத வீட்டில், மீசை அரும்பிய பையனுக்குக் காதணி விழா நடக்கும். மாமன் மடியில் அவன் கூச்சத்தோடு நெளிவதைப் பார்த்தால் இந்தச் சடங்கில் காதுக்கு இருக்கும் பங்கு எவ்வளவு சிறியது என்று புரியும்.

வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளில் சேர்ந்த பெண்கள் நகை அனைத்தையும் கழற்றிவிடுகிறார்கள். தாலியையே கழற்றும் இடத்தில் கம்மல் எம்மாத்திரம். காதில் பழைய துளை மட்டும் இருக்கும். ‘மூளிக் காது’ என்று உறவினர் முகத்துக்கு நேரே சொல்வதைத் தாங்கிக்கொண்டுதான் அவர்கள் அந்த முடிவில் நிற்கிறார்கள். நகை போடாத பெண் என்றால் வறுமை அல்லது துக்கம் என்றே படித்துப் பழகிய ஊரில், மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம் என்று காட்டியது சிறிய விஷயம் இல்லை. நகை மறுப்பை நான் நம்பிக்கையாக ஏற்கவில்லை. அந்த மன உறுதியை மதிக்கிறேன்.

உடல்நலம் பற்றி நம் ஊரில் சொல்லப்படுவதில் பாதி ஆதாரமற்றது. காது குத்தினால் மூளை வளரும், கண் தெளியும், குடலிறக்கம் வராது என்பதற்கெல்லாம் மருத்துவச் சான்று இல்லை. சான்று உள்ளவை வேறு. காது மடல் சதை ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல் காதுக் குருத்தெலும்பு ஆறப் பல மாதங்கள் ஆகும், அங்கே சீழ் பிடித்தால் காதின் வடிவமே குலையலாம். நகைக் கடைகளில் குத்தும் துப்பாக்கியைக் கொதிநீராவியில் முழுதாகத் தூய்மைப்படுத்த முடியாது என்பதால் மருத்துவர்கள் புதிய ஊசியையே பரிந்துரைக்கிறார்கள். மலிவான கம்மலில் கலந்திருக்கும் நிக்கல் பலருக்கு அரிப்பை உண்டாக்கும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு குடும்பத்தில் இருந்தால் யோசித்துக் குத்துவது நல்லது. கைக்குழந்தைக்கு என்றால் 6, 10, 14 வாரங்களில் போடும் தடுப்பூசிகள் முடியட்டும் என்பார்கள் குழந்தை மருத்துவர்கள்.

இப்போது ஆண் காதில் கல் திரும்ப வந்துவிட்டது. கிராமத்துத் திருவிழாக்களிலும் மென்பொருள் அலுவலகங்களிலும் ஒரே அளவில் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் பழையதைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்ற நினைப்பு இல்லை. கிரிக்கெட் வீரரையோ நடிகரையோ பார்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். அதில் தவறும் இல்லை. யசோதையும் ஊர்ப் பிள்ளைகளைத்தான் கைகாட்டினாள். பள்ளி விதிகள் மட்டும் 1920-களின் கிராப்புத் தலையில் நிற்கின்றன. அந்த விதியின்படி பெண் பிள்ளை வெறுங்காதோடு வந்தால் ‘ஏன் கம்மல் போடவில்லை?’ என்று கேட்பார்கள்; பையன் கம்மலோடு வந்தால் ‘ஏன் போட்டாய்?’ என்பார்கள்.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. பெண் குழந்தை பிறந்தும் காது குத்தாமல் வைத்திருக்கும் இளம் பெற்றோர்கள் சிலர் இருக்கிறார்கள். அவளுக்கு வேண்டுமென்றால் வளர்ந்தபின் அவளே குத்திக்கொள்ளட்டும் என்கிறார்கள். பாட்டிகள் ஒத்துக்கொள்வதில்லை. பெரியவளான பிறகு குத்தினால் வலி அதிகம், காது முற்றிப்போகும், பார்க்கிறவர்கள் ஆண் குழந்தையா என்று கேட்கிறார்கள் என்று மூன்று காரணங்கள் சொல்வார்கள். மாமன்காரன் நான்காவதாக ஒன்று சொல்வான்: கம்மல் வாங்கி வைத்து ஆறு மாதம் ஆகிவிட்டது, அதை என்ன செய்வது?